மூன்று வாரமாக வராத சேல்ஸ்மேனை "நின்றுவிட்டார்" என்று எழுதிவிடலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. அப்பா காலத்துக் கடை, இப்போது மகன் பார்க்கிறார். ஆட்கள் 16 பேர். அதில் நாலே முக்கால் வருடமாக இருக்கும் சேல்ஸ்மேன் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று வாரமாக வரவில்லை. காட்பாடியில் வேறு கடையில் நிற்பதாகக் கேள்வி. கேஷில் உட்காரும் பையனிடம் ஒரே நாளில் 8,400 ரூபாய் குறைகிறது. சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். "மூன்று பேரையும் எப்படி நிறுத்துவது? புதுச் சட்டம் வந்துவிட்டதால் பழையது எதுவும் செல்லாது என்கிறார் ஆடிட்டர். குடும்பம் மாதிரி நடத்துகிற சின்னக் கடைக்கு இதெல்லாம் பொருந்துமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருந்தும். குடும்பம் மாதிரி என்று சொல்லும் கடைகளில்தான் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்காது, வருகைப் பதிவேடு இருக்காது, சம்பளம் கவரில் போகும். பிரச்சினை வரும்போது முதலாளி கையில் காட்ட ஒரு காகிதம் இருக்காது. சேர்த்ததும் வாய்ச்சொல், நிறுத்துவதும் வாய்ச்சொல் என்றால், அதிகாரி முன்னால் தொழிலாளி சொல்வதுதான் நிற்கும். ஆளை நிறுத்தவே கூடாது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. நிறுத்துவதற்கு முன்னால் காரணத்தை எழுது, அவனிடம் கேள், அவன் சொன்னதையும் எழுது என்கிறது. நம் பக்கத்து முதலாளிகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் அனுப்பிவிட்டு, நோட்டீஸ் வந்தபிறகு காகிதம் தேடுகிறார்கள்.

"எங்களுக்குப் பொருந்தாது" என்ற வாதமும் நம் ஊருக்குப் புதிதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிர்வாகம், தாங்கள் சிறுபான்மையினர் கல்வி நிறுவனம், அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு தங்களுக்குப் பாதுகாப்பு, அதனால் தொழில் தகராறுச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. 1987இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜவுளிக்கடைக்கு எந்த விலக்கும் கிடைக்கப் போவதில்லை.

ஆடிட்டர் சொன்னது பாதி சரி. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 29 மத்தியச் சட்டங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஊதியம், பணிக்கொடை (கிராஜுவிட்டி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப்., மகப்பேறு எல்லாம் இப்போது அவற்றுக்குள் இருக்கின்றன. ஆனால் உங்கள் கடைக்கு அன்றாடம் பொருந்துகிற முக்கியமான சட்டம், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, மாநிலச் சட்டம். அது அப்படியே இருக்கிறது. தேசிய, பண்டிகை விடுமுறைக்கான 1958ஆம் வருடச் சட்டமும் இருக்கிறது. கணக்கு பார்க்கிறவர் தொழிலாளர் சட்டமும் சொல்வார் என்று நாமே எதிர்பார்ப்பது தவறு. அது அவர் வேலை இல்லை.

சரி, சேல்ஸ்மேனுக்கு வருவோம்.

அந்த 1947 சட்டத்தின் 41ஆவது பிரிவை ஒரு தடவையாவது படித்துப் பாருங்கள். தொடர்ச்சியாக ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் இல்லாமலும் நிறுத்தக்கூடாது. தவறான நடத்தை என்றால் நோட்டீஸ் வேண்டாம். ஆனால் அதற்கென்று விசாரணை நடத்தி, சாட்சியம் பதிவாகி, குற்றம் நிரூபணமாகியிருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்.

"அவரே போய்விட்டார், நான் எங்கே நிறுத்தினேன்?" என்பீர்கள். எல்லா முதலாளிகளும் சொல்லும் வாதம் இது. அதிகம் தோற்கும் வாதமும் இதுதான். வேலையைக் கைவிடுவது ஒருவரது மனதில் இருக்கும் எண்ணத்தைப் பொறுத்தது; வராமல் இருந்ததை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது என்று 1979இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இத்தனை நாள் வராவிட்டால் தானாகவே வேலை போய்விடும் என்று கம்பெனி விதியில் எழுதி வைத்திருந்த வழக்கிலும், 1993இல், கேட்காமல் பெயரை அடித்தது இயற்கை நீதிக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. அங்கே எழுதி வைத்த விதியே நிற்கவில்லை. உங்களிடம் விதியும் கிடையாது.

ஆகவே நாளைக்கே ஒரு கடிதம். நீளமாக வேண்டாம்:

"நீங்கள் இம்மாதம் 3ஆம் தேதி முதல் முன் அனுமதி இல்லாமல் பணிக்கு வரவில்லை. இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் பணிக்குத் திரும்பி, வராத காரணத்தை எழுத்தில் தரவும். உடல்நலக் குறைவு என்றால் மருத்துவச் சான்றை இணைக்கவும். தவறினால் விசாரணை நடத்தி நடவடிக்கை எடுக்கப்படும்."

கடைசி வரியைக் கவனியுங்கள். "நீங்களே வேலையை விட்டதாகக் கருதப்படும்" என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எழுதிவிட்டு எட்டாம் நாள் பெயரை அடிக்கிறார்கள். அந்த வரி உங்களுக்கு எதிராகவே திரும்பும், ஏனென்றால் விசாரிக்காமலே முடிவு செய்துவிட்டதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிறது.

கடிதத்தை அவர் சேரும்போது கொடுத்த முகவரிக்கும், இப்போது இருப்பதாகத் தெரிந்த முகவரிக்கும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அதனால் ஸ்பீட் போஸ்டிலேயே பதிவு வசதியும் டெலிவரி சான்றும் வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு வாங்குங்கள். ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கத்து முகவரி என்றால் "வீடு பூட்டியிருக்கிறது" என்று கவர் திரும்பி வருவது சகஜம். திரும்பி வந்த கவரைப் பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே கோப்பில் வையுங்கள். அதற்கு இருக்கிற மதிப்பு உள்ளே இருக்கும் கடிதத்துக்குக்கூடக் கிடையாது. வாட்ஸ்அப்பிலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பதில் இல்லையென்றால் பத்து நாள் விட்டு இன்னொரு கடிதம், அதற்குப் பிறகு விசாரணைத் தேதி குறித்து ஒரு நோட்டீஸ். அதற்கும் வரவில்லை என்றால் ஒருதலைப்பட்சமாக விசாரித்து, வருகைப் பதிவேட்டைச் சாட்சியமாக வைத்து, பிறகு உத்தரவு.

நடுவில் அவர் கடைக்கு வந்து நின்றால்? உள்ளே விடுங்கள், கையெழுத்துப் போட வையுங்கள், வேலை கொடுங்கள், அப்புறம் விளக்கம் கேளுங்கள். வாசலிலேயே நிறுத்தி "அண்ணன் ஊரில் இல்லை, நாளைக்கு வா" என்று நாலு நாள் அலையவிட்டால், வேலை மறுத்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அதுவரை செய்த காகித வேலை அத்தனையும் வீண். காட்பாடியில் நிற்கிறார் என்பது உண்மையானால் பெரும்பாலும் ராஜினாமாவே எழுதிக் கொடுத்துவிடுவார்; தன் கைப்பட, தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்பது புதிய ஊதியத் தொகுப்பில் இருக்கிறது. முன்போல "அடுத்த மாதம் பத்தாம் தேதி வந்து வாங்கிக்கோ" என்பது இனி முடியாது.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி, பணிக்கொடை. 10 பேர் இருந்தாலே கிராஜுவிட்டி உண்டு. ஐந்து வருடம் முடியவில்லையே என்று நினைப்பீர்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்து வருடத் தொடர்பணி ஆகிவிடும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் பல காலமாக அதைத்தான் பின்பற்றுகிறோம். உங்கள் ஆள் நாலே முக்கால் வருடம். அடிக்கடி வராதவர் என்பதால் பதிவேட்டில் நாட்களை எண்ணிப் பாருங்கள். 240 வந்துவிட்டால் கொடுக்கத்தான் வேண்டும், ராஜினாமா செய்தாலும் சரி. சம்பளம் 13,000 என்று வையுங்கள். அதை 26ஆல் வகுத்தால் 500, 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 7,500. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி முழு வருடமாகும், ஆக ஐந்து வருடத்துக்கு 37,500 ரூபாய். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

சம்பளத்தைக் கூறு போட்டுக் கணக்கைக் குறைக்கும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. அலவன்ஸ் என்று விலக்கி வைப்பது மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். 14,000 ரூபாயில் 9,000 ரூபாயை அலவன்ஸ் என்று காட்டினால், அதில் 2,000 திரும்பி வந்து ஊதியம் 7,000 ஆகும். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது இதற்கெல்லாம் முன்னால். அதில் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கேஷ் பையன். கோபம் அதிகம் வருவதும் காரியம் கெடுவதும் இங்கேதான்.

முதலில் பணம் உண்மையிலேயே குறைகிறதா என்று பாருங்கள். யு.பி.ஐ.யில் வந்ததை பில்லில் ரொக்கம் என்று அடித்துவிடுவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. சிகிச்சைக்கு வந்த வடக்கத்திக் குடும்பங்கள் துணி எடுக்க வரும் கடை என்றால் கேட்கவே வேண்டாம். பாதி பேர் ஸ்கேன் செய்துவிட்டுப் போவார்கள். அன்றைய யு.பி.ஐ. ஸ்டேட்மென்டை பில்லோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ரிட்டர்ன் துணிக்குக் கொடுத்த பணத்தையும் பாருங்கள். அப்புறம் கல்லாவில் வேறு யார் கை வைக்கிறார்கள் என்பது. பார்சல் வண்டி வாடகைக்கு உங்கள் மச்சான் எடுப்பார், டீக்காசுக்கு மேனேஜர் எடுப்பார், யாரும் சீட்டு எழுதுவதில்லை என்றால், அந்தக் குறைவை ஒருவன் தலையில் கட்ட முடியாது. குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் குறைந்தால் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் கடிதம். "நீ திருடிவிட்டாய்" என்று எழுதக்கூடாது. இப்படி எழுதுங்கள்: "சென்ற சனிக்கிழமை மாலை உங்கள் பொறுப்பில் இருந்த கவுண்டரில் ரொக்க விற்பனை 61,250 ரூபாய். நீங்கள் ஒப்படைத்தது 52,850 ரூபாய். 8,400 ரூபாய் குறைவுக்கு விளக்கம் தரவும்." பில் எண்களை இணையுங்கள், பதில் தர ஒரு வாரம் கொடுங்கள். கடையில் வைத்திருக்கவே முடியாது என்றால் சஸ்பென்ட் செய்யலாம், ஆனால் பிழைப்பூதியம் உண்டு: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால். சஸ்பென்ஷன் என்று சொல்லிக் காசே கொடுக்காமல் வீட்டில் உட்கார வைப்பது விசாரணையையே கெடுத்துவிடும்.

விசாரணை அதிகாரியாக நீங்களோ, குறைவைக் கண்டுபிடித்த மேனேஜரோ உட்காரக் கூடாது. வெளியாளாக ஒரு வக்கீலையோ தொழிலாளர் சட்டம் தெரிந்தவரையோ போடுங்கள். சாட்சி சொல்பவர்கள் அந்தப் பையன் முன்னால் சொல்ல வேண்டும், அவன் கேள்வி கேட்க வேண்டும், கூட வேலை செய்பவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளக் கேட்டால் விட வேண்டும். நடப்பதைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் அவன் கையெழுத்து. அறிக்கை வந்ததும் அதன் நகலைக் கொடுத்து, இந்தத் தண்டனை தர உத்தேசம், என்ன சொல்கிறாய் என்று இன்னொரு நோட்டீஸ். பிறகுதான் உத்தரவு. கேட்க நீளமாக இருக்கிறது. ஒழுங்காக உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் முடிகிற வேலை.

இரவு கடையை மூடிவிட்டு, குடோனில் உட்கார வைத்து, "எழுதிக் கொடுத்தால்தான் வீட்டுக்கு விடுவேன்" என்று வாங்கும் ஒப்புதல் கடிதம் இருக்கிறதே, அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் காகிதம் செல்லாது என்பது ஒருபக்கம். அடைத்து வைத்தது உங்கள் மேல் தனிக் குற்றம். அவன் அப்பா ஸ்டேஷனுக்குப் போனால், 8,400 ரூபாய் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கலாமா? பொறுப்பில் ஒப்படைத்த பணம் அவனது கவனக்குறைவால் நேரடியாகப் போனது என்றால், விளக்கம் கேட்டபிறகு பிடிக்கலாம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அவனுடைய பத்தாம் வகுப்பு ஒரிஜினல் சான்றிதழை பீரோவில் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மற்ற 15 பேருடையதையும். குற்றம் நிரூபணமானால் அவன் பணிக்கொடையைப் பிடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது என்பதால் அந்தக் கேள்வியே எழவில்லை. தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்: நஷ்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீக்கினால் முழுவதையும் பிடிக்க இடமுண்டு. அதற்கு கிரிமினல் தண்டனை கட்டாயமில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் விசாரணை இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியாது.

சேலைப் பிரிவுப் பெண் விஷயத்தில் பதில் ஒரே வரி: நிறுத்த முடியாது. கர்ப்பம் நியாயமான காரணம் ஆகாது, மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது நீக்கினால் அது செல்லாது. கடந்த 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். ஏற்கனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். ஒரு வருடம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தால் அது அரசு ஊழியருக்கான கணக்கு.

இந்தச் செலவு உங்கள் தலையிலா என்பது நீங்கள் இ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. கட்டாயம். 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25. அவர் பெயரில் 70 நாள் சந்தா போயிருந்தால் மகப்பேறு பணத்தை இ.எஸ்.ஐ.யே கொடுத்துவிடும். 16 பேரை வைத்துக்கொண்டு பதிவு செய்யாமல் இருக்கிறீர்கள் என்றால், 26 வாரச் சம்பளம் உங்களுடையது; பழைய சந்தா பாக்கியும் வட்டியும் தனி. மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததன் விலை அது.

இப்போதைக்கு அவருக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள். சலுகையாக இல்லை, ஊழியர் எல்லாருக்கும் உட்கார இடம் வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. துணிக்கடைகளில் நாளெல்லாம் நிற்கிற பெண்களை நினைத்து வந்த திருத்தம். கடைசி மாதங்களில் அவர் கேட்டால் நெடுநேரம் நிற்கும் வேலை தரக்கூடாது என்பதும் உண்டு. பில்லிங் பக்கம் மாற்றி உட்கார வையுங்கள், சம்பளத்தைக் குறைக்காமல்.

மற்றவை வேகமாக. எல்லாருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுங்கள், பழைய ஆட்களுக்கும் சேர்ந்த தேதியோடு. 10 பேர் இருந்தால் கடைச் சட்டத்தில் பதிவும் வேண்டும். வருடத்தில் சம்பளத்தோடு 12 நாள், உடல்நலத்துக்கு 12, தற்செயல் விடுப்பு 12, அது போக ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இன்னும் ஐந்து பண்டிகை நாட்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தாலும் பத்துக்கு மேல் கூடாது. தீபாவளிக்கு முந்தின வாரம் நம் கடைத்தெருவில் இதை யார் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், ஓவர்டைமை எழுதிக் காசாவது கொடுங்கள். பி.எஃப்., போனஸ் இரண்டுக்கும் 20 பேர் கணக்கு. சீசனுக்குச் சேர்த்து 20ஐத் தொடும் கடை என்றால் இப்போதே யாரிடமாவது கேட்டுவிடுங்கள். பெண்கள் வேலை செய்கிற, 10 பேருக்கு மேற்பட்ட கடை என்பதால் பாலியல் தொல்லை புகாருக்கு உள்குழு அமைத்துப் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

ஒருவேளை அந்த சேல்ஸ்மேன் முந்திக்கொண்டு தொழிலாளர் துறையில் மனு கொடுத்து உங்களுக்குச் சம்மன் வந்தால், போகாமல் இருக்காதீர்கள். வக்கீல் வேண்டும் என்றில்லை, பதிவேடுகளோடு நீங்களே போகலாம். அதிகாரி முதலில் கேட்பது "வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா" என்றுதான் இருக்கும். வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன், வராத நாட்களுக்கு விளக்கம் கேட்பேன் என்று எழுதிக் கொடுங்கள். காட்பாடியில் வேலை பார்ப்பவர் அங்கேயே யோசிக்க ஆரம்பிப்பார். பணம் பேசி முடிப்பதானால் அதிகாரி முன்னிலையில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, தொகையை வங்கி வழியாக அனுப்புங்கள். பணிக்கொடை இவ்வளவு, சம்பள பாக்கி இவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுங்கள். பஜாரில் நாலு பேரை வைத்துப் பேசி, கையில் காசு கொடுத்து, "இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று வெள்ளைத்தாளில் வாங்கிக்கொண்டாலும், சட்டப்படி வரவேண்டிய பணிக்கொடையைக் கேட்கும் உரிமை அவருக்கு அப்படியே இருக்கும்.